இவர் என்றால் யார்

ரிக்கார்டு சார் கெட்டிக்காரர்தான். ஆனால் அதை எங்கே எழுதிவைப்பது என்று தெரியாதவர். ஒரு மனிதனை நாற்காலியிலிருந்து இறக்கிவிட அந்த ஒரு குறை போதும்.

கல்வித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் அவர் பதினோரு வருடமாகத் தற்காலிக ஆய்வு உதவியாளர். வந்த புதிதில் துணிப்பைக்குள் ஒரு பழைய டேப் ரிக்கார்டரைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்தார். பிள்ளைகள் அவருக்கு ரிக்கார்டு சார் என்று பெயர் வைத்தார்கள். அலுவலகமும் அதையே பிடித்துக்கொண்டது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மாதம் ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போகும்.

பதினோரு வருடத்தில் அவர் உருப்படியாக ஒரு காரியம் செய்திருந்தார். எழுத்துக்கள் தனித்தனியாகத் தெரிந்தும் சேர்த்துப் படிக்க வராத பிள்ளைகளுக்காக ‘கேட்டுப் படி’ என்று ஒரு செயலி. அதில் பெரிய மாயமந்திரம் எதுவும் கிடையாது. பிள்ளை கைபேசியைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிப் படிக்கும். செயலி அந்தக் குரலையே திருப்பிப் போட்டுக் காட்டும். அவ்வளவுதான். ஆசிரியர் திருத்தினால் அழுகிற பிள்ளை, தன் குரலே தன்னைக் காட்டிக்கொடுக்கும்போது சிரித்துவிடும். சிரித்துவிட்டு இன்னொரு தடவை படிக்கும். ஐந்தாறு தடவையில் வார்த்தை ஒட்டிக்கொள்ளும். அறுபத்தொரு பிள்ளைகளில் ஐம்பத்துமூன்று பேர் இப்போது சரளமாகப் படிக்கிறார்கள். மிச்சம் எட்டுப் பேரை நினைத்துத்தான் அவருக்குக் கவலை.

அப்படி இருந்தவர் மேசைக்கு ஒரு திங்கட்கிழமை காலை சுற்றறிக்கை வந்தது. நிறுவனத்தில் ஒரு நிரந்தரப் பணியிடம் காலி. அதற்கு நேர்முகம் கிடையாது, தேர்வு கிடையாது. வெளியிலிருந்து வரும் மூன்று வல்லுநர்கள் இணையதளத்தில் உள்ள சுயவிவரப் பக்கங்களை மட்டும் பார்த்து முடிவு சொல்வார்கள். தற்காலிகப் பணியாளருக்கு அந்த இடம் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடியும். நிறுவனத்தில் தற்காலிகம் என்று இருந்தவர் ரிக்கார்டு சார் ஒருவர்தான். ஆகவே ‘பணியாளருக்கு’ என்பது தன்னைத்தான் குறிக்கிறது என்று அவருக்கு உடனே புரிந்தது. பின்னால் எந்தச் சொல்லும் அவ்வளவு தெளிவாக அவரைக் குறிக்கவில்லை.

அவருடைய பக்கத்தில் அப்போது இருந்தது ஒரே வரி: ‘தற்காலிகம். தொடர்புக்கு:’. அதற்குப் பிறகு ஒரு கைபேசி எண். அதிலும் ஓர் இலக்கம் குறைவு. அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

நிரந்தரமானவர்களும் பக்கம் வைத்தாக வேண்டும் என்று உத்தரவு. எழுதத் தெரியாதவர்களுக்காக மூன்று நாள் பயிற்சி நடந்தது. நடத்தியவர் சுயவிவரப் பிரிவு அலுவலர். கையில் இரண்டு கைபேசி வைத்திருப்பார். பேசுகிறவரைப் பார்க்காமல் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார். ரிக்கார்டு சார் எழுந்து, செய்ததை அப்படியே எழுதினால் போதுமா என்று கேட்டார். அலுவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“செஞ்சதை எழுதினா அது வேலை சார். செஞ்சதுக்கு மேல எழுதினாத்தான் நிபுணத்துவம்.”

எதிர்மேசைக்காரர் இதைக் கற்பூரமாகப் பிடித்துக்கொண்டார். கூட்டம் நடக்கும்போது புரொஜெக்டரின் பொத்தானை அமுக்குவது அவர் வேலை. அவர் எழுதினார்: ‘இவர், ஒளிவழிக் கற்றல் சூழல்களைத் தொடங்கிவைப்பதில் இருபதாண்டு அனுபவம் மிக்க முன்னோடி.’ நூலகர் அம்மா இன்னும் ஒரு படி மேலே போனார்: ‘இவர், மூன்று முறை மகப்பேறு விடுப்பில் இருந்தபோதும் தொலைநிலைக் கற்றல் குறித்த சிந்தனையைக் கைவிடாதவர்.’ பயிற்சி அறை கைதட்டியது. மகப்பேற்றை இதுவரை யாரும் தொலைநிலைக் கற்றலோடு இணைத்ததில்லை என்று அலுவலர் பாராட்டினார்.

எல்லாரும் ஏன் ‘இவர்’ என்று எழுதினார்கள் என்றால், நிறுவனத்தின் நடைக் கையேட்டில் ‘நான்’ தடை செய்யப்பட்டிருந்தது. தடை செய்தவர் இயக்குநர். பயிற்சியின் கடைசி நாளில் வந்து அவரே விளக்கினார்.

“நான் என்கிற அகந்தையை இந்த நிறுவனத்துல ஒழிச்சது நான்தான். எனக்கு முன்னாடி இருந்த இயக்குநர்கள் யாரும் இதை யோசிக்கலை. நான் யோசிச்சேன். நான் ஏன் யோசிச்சேன்? என்கிட்ட அகந்தை இல்லாததால நான் யோசிச்சேன். இந்த விஷயத்துல எனக்கு நிகர் நான்தான்னு வெளியில பேசிக்கறாங்க. நான் அதைப் பெரிசா எடுத்துக்கறதில்லை.”

காது கொடுத்துக் கேட்பது ரிக்கார்டு சாரின் தொழில். பழக்கதோஷத்தில் எண்ணினார். பத்து நிமிடப் பேச்சில் முப்பத்தெட்டு ‘நான்’ வந்திருந்தது.

எழுதுவதற்கென்று ஒரு கணினி அறை ஒதுக்கியிருந்தார்கள். ரிக்கார்டு சார் உட்கார்ந்து, ‘நான்’ இல்லாமல், ‘இவர்’ இல்லாமல், மொட்டையாக எழுதிப் பார்த்தார்: ‘நான்கு பள்ளிகளில், நான்காம் வகுப்பு மாணவர்களுக்குக் கேட்டுப் படி செயலி மூலம் வாசிப்புப் பயிற்சி.’ சிவப்புப் பெட்டி ஒன்று குதித்து வந்தது. ‘இரண்டு அகந்தைச் சொற்கள் உள்ளன. நீக்கவும்.’ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரியைத் தலையிலிருந்து வால் வரை பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. அலுவலரைக் கூப்பிட்டார்.

“கணினி சரியாத்தான் சொல்லுது சார். ‘நான்கு’க்குள்ள ‘நான்’ இருக்கு பாருங்க.”

“அது எண்ணு மேடம்.”

“எண்ணுல ஒளிஞ்சிருந்தா மட்டும் அகந்தை இல்லேன்னு ஆயிடுமா?”

சரி, ‘4’ என்று போட்டுப் பார்த்தார். எண்களை எழுத்தால் எழுதுக என்றது. ‘நாலு’ என்று போட்டார். பேச்சு வழக்குக்கு அனுமதி இல்லை என்றது. அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்டதில் வந்த வாக்கியம் இது: ‘மூன்றோடு ஒன்று சேர்ந்த பள்ளிகளில், மூன்றாம் வகுப்பைத் தாண்டியும் ஐந்தாம் வகுப்பை எட்டாத மாணவர்களுக்கு வாசிப்புப் பயிற்சி.’ கணினி அதை மிகவும் ரசித்தது. பக்கத்தின் நிறைவு விகிதம் பன்னிரண்டிலிருந்து ஐம்பத்தெட்டுக்குத் தாவியது. பள்ளியை விட்டு இடைநின்ற பிள்ளைகளுக்கான வல்லுநர் என்று அதுவாகவே ஒரு பட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. இல்லை, அவர்கள் தினமும் பள்ளிக்கு வருகிறார்கள் என்று சொல்ல அதில் பெட்டி இல்லை. நூறு சதவீதம் தொடாத பக்கம் வெளியே தெரியாது. இன்னும் நாற்பத்திரண்டு பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவிதான் கைகொடுத்தாள். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களை எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்து, கிட்டப்பார்வையா தூரப்பார்வையா என்று சொல்லிவிடுவாள். கணவர் ‘இவர்’ என்று எழுதக் கூச்சப்பட்டு நெளிவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“இருபது வருஷமா நான் உங்களை வேற என்ன சொல்றேன்? இவர் குடையைத் தொலைச்சுட்டாரு, இவருக்கு சட்டைப் பித்தான் போடத் தெரியாது. எனக்குக் கூச்சமாவா இருக்கு? நான் சொல்றேன், நீங்க எழுதுங்க.”

அவள் சொன்னாள், அவர் எழுதினார். இவர், கேட்டுப் படி என்னும் செயலியை உருவாக்கியவர். இவர், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்வார்கள் என்பதை முதலில் கண்டவர். இவர், மழை நாளில்கூடப் பள்ளிக்குப் போகாமல் இருந்ததில்லை. முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தபோது ரிக்கார்டு சாருக்கு அந்த மனிதரை நிரம்பப் பிடித்துப்போனது. நல்ல மனுஷனாக இருக்கிறாரே, இவரை ஏன் இன்னும் நிரந்தரம் ஆக்கவில்லை என்று தோன்றியது. நூறு சதவீதம் காட்டிப் பச்சைக்குறி விழுந்தது. இருவரும் அன்று வெளியே போய்ச் சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை எல்லாருடைய பக்கங்களும் இணையதளத்தில் ஏறின. ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் இயக்குநரின் பெரிய படம், பெயர், ஒரு வரி வாழ்த்து. அதற்கு நேர் கீழே ‘இவர்’ என்று தொடங்கும் வாசகம். சொந்தக்காரருடைய பெயர் வாசகத்துக்குள் வரக் கூடாது. அதுவும் அகந்தைதானாம். ஆகவே பெயரும் தபால்தலை அளவில் ஒரு படமும் பக்கத்தின் அடியில், பொறுப்புத் துறப்பு, பதிப்புரிமை, வருகையாளர் எண்ணிக்கை எல்லாம் கடந்த பிறகு, காலடியில் கிடந்தன. அவ்வளவு தூரம் யார் தள்ளிக்கொண்டு போகப் போகிறார்கள்? யாரும் போகவில்லை.

திங்கட்கிழமை இயக்குநரின் அறைக்கு மூன்று பூங்கொத்து வந்தது. ‘கேட்டுப் படி’ செயலியை உருவாக்கிய தங்களுக்கு வாழ்த்துகள் என்று அட்டையில் எழுதியிருந்தது. புதன்கிழமை ஒரு கல்வி அமைப்பு அவருக்கு விருது அறிவித்தது. வியாழக்கிழமை அரங்கத்தில் விழா. மேடை ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு இயக்குநர் ரிக்கார்டு சாரைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தச் செயலியில் குழந்தை பேசுமா, அல்லது நாம் பேச வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு மேடையில் அந்தப் பிள்ளைகளின் குரலைக் கேட்டு எத்தனை நாள் கலங்கியிருக்கிறேன் என்று அரைமணி நேரம் பேசினார். கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரிக்கார்டு சாரும் துடைத்துக்கொண்டார். அவருடைய காரணம் வேறு.

மறுநாள் மென்று விழுங்கியபடி இயக்குநரின் அறைக்குள் போய் நின்றார். அந்தப் பக்கம் தன்னுடையது, அதில் உள்ள ‘இவர்’ தான்தான் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தார். இயக்குநர் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

“நான் கேட்டேனா? இலக்கணம் குடுத்துச்சு. தேடி வந்ததை வேண்டாம்னு சொல்றது எவ்வளவு பெரிய அகந்தை தெரியுமா? நான் அந்தத் தப்பைச் செய்யமாட்டேன். இருந்தாலும் உங்க மனசு நோகக் கூடாது. ஒரு விசாரணைக் குழு போடறேன். வெளியாள் வந்தா உங்களுக்குச் சங்கடம். அதனால நானே தலைவரா இருக்கேன்.”

குழுவில் தலைவராக இயக்குநர், உறுப்பினராகச் சுயவிவரப் பிரிவு அலுவலர், சிறப்பு அழைப்பாளராக ஓய்வுபெற்ற இலக்கண ஆசிரியர் ஒருவர். ஆராய வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ‘இவர் என்றால் யார்?’ செயலியை யார் எழுதினார்கள், பள்ளிக்கு யார் போனார்கள் என்பதெல்லாம் குழுவின் வரம்புக்குள் வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

இலக்கண ஆசிரியர் நேர்மையானவர், யாருக்கும் பயப்படாதவர். அதுதான் வம்பாகப் போயிற்று. இகரம் அண்மைச் சுட்டு, அகரம் சேய்மைச் சுட்டு, ஆகவே பக்கத்தில் இருப்பவர் இவர், தள்ளி இருப்பவர் அவர் என்று ஆரம்பித்தார். பையிலிருந்து ஓர் அளவுகோலை எடுத்தார். திரையில் வைத்து அளந்தார். இயக்குநரின் படத்துக்கும் ‘இவர்’ என்ற சொல்லுக்கும் இடைவெளி இரண்டு விரற்கடை. ரிக்கார்டு சாரின் படத்தை அளக்கத் திரை போதவில்லை. பக்கத்தைத் தள்ளித் தள்ளி அளந்து கூட்டியதில் ஒன்றரை முழம் வந்தது.

“இலக்கணப்படி நீங்க ‘அவர்’ங்க. இதுல நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்லை” என்று அவர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

ரிக்கார்டு சார் தன்னிடம் இருந்த ஒரே ஆதாரத்தை எடுத்தார். கைபேசியை மேசைமேல் வைத்து ஒரு பதிவைப் போட்டார். மூக்கடைத்த ஒரு பெண்பிள்ளையின் குரல், “ரிக்கார்டு சார், நான் பக்கம் முழுசும் படிச்சுட்டேன், கேளுங்க” என்றது. பிறகு நிறுத்தாமல் ஒரு பக்கத்தைப் படித்தது. இலக்கண ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டு வருடம் முன்னால் அந்தப் பிள்ளைக்குத் தன் பெயரைக்கூடப் படிக்க வராது என்று ரிக்கார்டு சார் சொன்னார்.

அலுவலர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். பதிவில் ‘நான்’ என்ற சொல் வருகிறது, ஆகவே அதைக் கோப்பில் ஏற்ற முடியாது என்றார். தவிர, ரிக்கார்டு சார் என்று ஒருவர் நிறுவனத்தின் ரெக்கார்டில் இல்லை என்பதையும் சுட்டிக்காட்டினார். பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார்கள். இல்லைதான். பதினோரு வருடம் அவரை அந்தப் பெயரால் கூப்பிட்ட இயக்குநரும் அலுவலரும் பட்டியலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள்.

கடைசியாக மனைவியைச் சாட்சிக்கு அழைத்தார்கள். அவள் கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். இருபது வருடமாகத் தான் ‘இவர்’ என்று சொல்வது இந்த ஒரு ஆளைத்தான், வேண்டுமானால் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அந்தப் பக்கத்தை வாக்கியம் வாக்கியமாகச் சொன்னதும் தான்தான் என்றாள். இலக்கண ஆசிரியர் தலையசைத்தார். அது வீட்டு வழக்கு, அச்சில் செல்லாது என்று குறித்துக்கொண்டார். மனைவி இயக்குநரின் படத்தையும் இயக்குநரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தூரத்துல இருக்கறது தெரியலை. எங்க கடைக்கு வாங்க, பார்த்துச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். அது குறிப்பில் ஏறவில்லை.

தீர்ப்பு வந்தது. நீதி என்றால் எல்லாருக்கும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? ரிக்கார்டு சாரின் பக்கத்துக்கு ஒரு இலக்கணம், மற்றவர்களுக்கு வேறு இலக்கணமா? ஆகவே இணையதளத்தில் உள்ள அறுபத்துமூன்று பக்கங்களிலும் வரும் ‘இவர்’ இயக்குநரையே குறிக்கும் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. இயக்குநர் தன் சுமை கூடுவதைச் சொல்லி வருத்தப்பட்டார், ஆனாலும் ஏற்றுக்கொண்டார். அன்று முதல் அவர் அறுபத்துமூன்று துறைகளில் வல்லுநர். மூன்று முறை மகப்பேறு விடுப்பில் இருந்தபோதும் தொலைநிலைக் கற்றல் குறித்த சிந்தனையைக் கைவிடாதவர். நூலகர் அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எதிர்மேசைக்காரர் மட்டும் ரோசக்காரர். அடுத்த கூட்டத்தில் புரொஜெக்டர் பொத்தானைத் தொடமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார். முன்னோடி இயக்குநர் எழுந்து வந்து தேடினார். பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கூட்டம் இருட்டிலேயே நடந்தது.

அடுத்து வெளியிலிருந்து மூன்று வல்லுநர்கள் வந்தார்கள். பக்கங்களைப் பார்த்தார்கள். அறுபத்துமூன்று பக்கத்திலும் ஒரே ஆளின் நிபுணத்துவம் இருந்ததைக் கண்டு மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். நிரந்தரப் பணியிடம் இயக்குநருக்கே கூடுதல் பொறுப்பாக வழங்கப்பட்டது. மற்றவர்கள் ஏற்கெனவே நிரந்தரம். அவர்களுக்கு நிபுணத்துவம் போனதில் ஒரு மயிரிழை சேதமில்லை. ரிக்கார்டு சாருக்கு மட்டும் ஒரு உறை வந்தது. ‘ஆய்வு உதவியாளரான அவர், தமக்கென நிபுணத்துவம் எதையும் நிறுவாத நிலையில், அவரது ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.’

மிச்சம் எட்டுப் பிள்ளைகளுக்கு யார் போவார்கள் என்று அலுவலரிடம் கேட்டார். செயலியை உருவாக்கியவரே போவார் என்று அலுவலர் கைபேசியைப் பார்த்தபடி சொன்னார். ரிக்கார்டு சார் மேசையைக் காலி செய்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு சார்ஜர், அடி இழுப்பறையில் அந்தப் பழைய டேப் ரிக்கார்டர். துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போனார்.

கதவு திறந்திருந்தது. மனைவி உள்ளே கட்டிலில் உட்கார்ந்து தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டியதும் நிமிர்ந்து பார்த்தாள். “இருடி, அவர் வந்துட்டாரு” என்றாள்.

ரிக்கார்டு சார் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டார்.

“நீயுமா அவர்னு சொல்ற?”

அவள் போனைக் காதிலிருந்து இறக்கினாள். பையைப் பார்த்தாள், கையில் இருந்த உறையைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

“வாசல்ல நிக்கறீங்க. அங்க நின்னா அவர்தான். கிட்ட வாங்க.”

வந்தார். பையை இறக்கி வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார். உறையை நீட்டினார். அவள் பிரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள். படித்துவிட்டு மடித்து மடியில் வைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். போனில் தங்கை என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மனைவி போனை மறுபடி காதில் வைத்தாள்.

“இவருக்கு வேலை போயிடுச்சுடி” என்றாள்.

இவர் என்றால் யார் என்று தங்கை கேட்கவில்லை.